நெற்களஞ்சியத்துக்கு ஓட்டுக் கூரை: கமக்காரர் தாமே மரவேலை செய்யும் முறை

கமக்காரர் பலர் அறுவடைக் காலத்திற் படும் கவலை ஒன்றுண்டு. நெல் நன்றாக விளைந்திருக்கும். களத்திலே நன்றாகக் காய்ந்தும் இருக்கும். ஆயினும் அதனை வைத்தற்கு நனையாத இடம் இராது. வீட்டு விறாந்தையிலும் அடுக்களைக் கோடியிலும் சாக்குகளை அடுக்கி வைத்து, விலை ஏறும்வரை பொறுத்திருக்க இயலாமல், வந்த விலைக்கு விற்றுவிடுகின்றனர். விதைக்கென வைத்த நெல்லும் ஒழுக்கில் நனைந்து முளைவலிமை குன்றிவிடுகின்றது. நெல்லைப் பல மாதங்கள் வைத்திருத்தற்கு அதிலுள்ள ஈரம் நூற்றுக்கு 13 பங்குக்கு மேற்படலாகாது. வெயிலிற் காயவைத்து இந்நிலைக்குக் கொண்டுவந்த நெல்லை ஓர் இரவு ஒழுக்குப் பூஞ்சணம் பிடிக்கச் செய்துவிடும்.

களஞ்சியத்தின் சுவரைப் பெரும்பாலும் கமக்காரர் தாமே அயலவர் துணையுடன் எழுப்பிக்கொள்கின்றனர். கூரைக்கு வந்தவுடன் தயங்கி நிற்கின்றனர். அல்லது துணிந்து தொடங்கி, கணக்கறியாமையால் மரத்தை வீணாக்குகின்றனர். 12 அடி அகலமும் 18 அடி நீளமுமுள்ள சிறு களஞ்சியமொன்றுக்குக் கூரை மரவேலையை நீங்களே செய்துகொள்ளும் முறை இங்கே படிப்படியாகக் கூறப்படுகின்றது. வாள், உளி, சுத்தியல், துறப்பணம், மூலைமட்டம், தூக்குக் குண்டு, அளவு நாடா ஆகியன கையிலிருத்தல் வேண்டும். இருவர் துணையும் வேண்டும். வேலையைப் பெரும்போக அறுவடைக்குப் பின் தொடங்கி, மாரி மழைக்கு முன்னரே முடித்துக்கொள்ளுக.

கூரை எவ்வாறு நிற்கின்றது?

மரத்தை அரியுமுன் இதனை விளங்கிக்கொள்ளுதல் அவசியம். முகட்டின் இருபுறமும் சாய்ந்து இறங்கும் மரங்கள் கைமரங்கள் எனப்படும். வட மாகாணத்திற் பனஞ்சிலாகை என்று வழங்குவதும் இவ்விடத்துக்கே உரியது. இக்கைமரங்களின் தலைகள் முகட்டுப் பலகையிலும், அடிகள் சுவரின்மேற் கிடக்கும் சுவர்வளையிலும் பொருந்துகின்றன. கைமரங்களின்மேற் குறுக்காக அடிப்பன ரீப்பைகள். ஓடு ரீப்பையிலே தொங்குகின்றது.

இரு கைகளின் விரல் நுனிகளையும் ஒன்றோடொன்று சாய்த்து, முழங்கைகளை மேசைமேல் ஊன்றிக்கொண்டு, விரல் நுனியின்மேல் ஒருவரைச் சற்று அழுத்தச் சொல்லுங்கள். முழங்கைகள் இரண்டும் வெளியே வழுகுவதை உணர்வீர்கள். கூரையும் அவ்வாறே செய்கின்றது. ஓட்டின் பாரம் கைமரங்களின் அடிகளை வெளிப்புறமாகத் தள்ளுகின்றது. அடிகள் சுவரின் தலையைத் தள்ளுகின்றன. சுவரானது மேலிருந்து கீழ்நோக்கி வரும் பாரத்தைத் தாங்குமேயன்றிப் பக்கமாகத் தள்ளுவதைத் தாங்காது. இத்தள்ளலைத் தடுத்து இரு அடிகளையும் ஒன்றாகப் பிணிக்கும் குறுக்கு மரமே தீராந்தி.

இவ்வளவுள்ள கூரையின் பரப்பு 400 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 37 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 14 அல்லது 15 ஓடு வேண்டும். ஓர் ஓடு ஏறத்தாழ இரண்டரைக் கிலோகிராம் நிறையுள்ளது. ஆகவே ஏறக்குறைய 550 ஓடுகளும் 1,400 கிலோகிராம் பாரமும் ஆகும். மரத்தின் நிறையையும் ஓடு உறிஞ்சும் மழைநீரையுஞ் சேர்த்தால் இது இன்னுங் கூடும். இப்பாரத்தினால் இரண்டு அடி இடைவெளியில் நிற்கும் ஒவ்வொரு சோடிக் கைமரமும் சுவரை வெளியே தள்ளும் விசை, ஏறத்தாழ 40 கிலோகிராம் பாரத்துக்கு ஒப்பானது. பதினொரு சோடிகளுக்குமாக ஒரு சுவரின்மேல் 440 கிலோகிராம் ஆகும். தீராந்தியின்றி ஓடு போட்ட கொட்டில்களிற் சுவர் வெளியே சாய்ந்து, முகடு நடுவில் இறங்கி, இரண்டொரு மாரிக்குள் ஓடுகள் விலகுவதற்குக் காரணம் இதுவே.

சரிவின் அளவு

ஓட்டுக் கூரையின் சரிவு மிகக் குறைந்தாற் காற்றுடன் வரும் மழை ஓட்டின் இடுக்கினூடே உள்ளே ஏறும். மிகக் கூடினால் மரமும் ஓடும் வீணாகும். எங்கள் களஞ்சியத்துக்கு ஒவ்வோர் அடி அகலத்துக்கும் 9 அங்குல உயரம் கொடுப்போம். இச்சரிவில் ஒழுக்குக்கு இடமில்லை. கணக்கும் மிக எளிது.

அகலத்தின் பாதி 6 அடி. ஆறு அடிக்கு 9 அங்குலம் வீதம் உயரம் 4½ அடி. மூன்று, நான்கு, ஐந்து என்னும் முக்கோணக் கணக்கின்படி சுவரிலிருந்து முகடுவரை சரிவின் நீளம் 7½ அடி. சுவருக்கு வெளியே இறப்பு 2 அடி நீள வேண்டும். அதற்குச் சரிவின் வழியே 2½ அடி ஆகும். எனவே கைமரம் ஒன்றின் முழு நீளம் 10 அடி. பத்தடிக்குக் குறைந்த மரத்தை வாங்கி ஒட்டுப் போட்டுக் கைமரமாக்குதல் கூடாது.

இப்பொழுது கிடுகு வேய்ந்து பின்னர் ஓடு போட எண்ணுவோர் உளர். கிடுகுக்கு இதனினுஞ் சற்றுக் கூடிய சரிவே நன்று. எனினும், பின்னர் ஓடு வருமாயின் இச்சட்டத்தையே ஓட்டின் பாரத்துக்கு ஏற்றவாறு இப்பொழுதே அமைத்துக்கொள்ளுக. கிடுகுக்கென மெல்லிய மரத்தில் அமைத்த சட்டத்தின்மேல் ஓட்டை ஏற்றுதல் ஆபத்தாகும்.

மரத்தைத் தெரிதல்

மரத்தில் வைரமென்றும் வெளிறென்றும் இரு பகுதிகள் உண்டு. நிறங் கறுத்து உறுதியாக இருப்பது வைரம். புறத்தே வெளுத்திருப்பது வெளிறு. வண்டு துளைப்பதும் கறையான் முதலில் தின்பதும் வெளிற்றையே. வாங்கும் மரத்தின் இரு தலைகளையும் பார்த்து, வெளிறு மிகுந்தவற்றை நீக்குக. பனையிலும் தென்னையிலும் இம்முறை மாறும். அவற்றிற் புறமே வைரம். உட்புறம் சோறு போன்று மென்மையானது. ஆகையால் முதிர்ந்த மரத்தின் புறப்பகுதியில் அரிந்தெடுத்ததாய், கறுத்த நார்கள் நெருங்கி ஓடுவதாய் உள்ள துண்டையே கொள்ளுக.

பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகிய மரங்களை உங்கள் சொந்தக் காணியிலேயாயினும் உத்தரவின்றி வெட்டலாகாது. 1951 ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்துஞ் சட்டம் இவற்றைக் காக்கின்றது. கிராம உத்தியோகத்தரைக் கண்டு, பிரதேச செயலகத்தில் உத்தரவு பெற்றபின்னரே வெட்டுதல் வேண்டும்.

பச்சை மரத்தைக் கூரையில் ஏற்றாதிருங்கள். அது காயும்பொழுது சுருங்கி முறுக்கிக்கொள்ளும், ஆணி தளரும். வாங்கிய மரத்தை நிழலில், நிலத்தைத் தொடாமல், இடையிடையே துண்டு வைத்துக் காற்றோட்டமாக அடுக்கி உலரவிடுக.

வேண்டிய மரங்கள் வருமாறு:

சுவர்வளை: 4 அங்குலம் × 3 அங்குலம், 20 அடி நீளத்துக்கு இரண்டு.
முகட்டுப் பலகை: 6 அங்குலம் × 1 அங்குலம், 20 அடி நீளத்துக்கு ஒன்று.
கைமரம்: 4 அங்குலம் × 2 அங்குலம், 10 அடி நீளம், 22.
தீராந்தி: 4 அங்குலம் × 2 அங்குலம், 12 அடி நீளம், 5.
காற்றுத் தாங்கி: 4 அங்குலம் × 1 அங்குலம், 10 அடிக்குக் குறையாத நீளம், 4.
ரீப்பை: 2 அங்குலம் × 1 அங்குலம், ஓட்டின் அளவுக்கு ஏற்ற தொகை.

சுவர்வளையும் முகடும் 20 அடியாக இருப்பதன் காரணம், முன்னும் பின்னும் கூம்புச் சுவருக்கு வெளியே ஒவ்வோர் அடி நீள்வதாகும். இருபது அடி மரம் கிடையாவிடின் இரு துண்டுகளின் நுனிகளையும் பாதி பாதியாக அரிந்து, 12 அங்குலம் ஒன்றின்மேலொன்று படியுமாறு பொருத்தி இணைக்கலாம். சுவர்வளையின் இணைப்புச் சுவரின்மேலேயே அமைதல் வேண்டும். முகட்டுப் பலகையின் இணைப்பு ஒரு சோடிக் கைமரம் பொருந்தும் இடத்தில் வருதல் வேண்டும்.

சுவர்வளையை இருத்துதல்

சுவரின் தலை மட்டமாக உள்ளதாவென நீர் நிரப்பிய தெளிவான குழாயினால் நான்கு மூலைகளிலும் பார்த்துக்கொள்ளுக. அதன்பின் மூலைக்கு மூலை நாடா பிடித்து அளக்குக. 12 அடிக்கு 18 அடி உள்ள கட்டடத்தில் மூலைவிட்டம் இரண்டும் 21 அடி 7½ அங்குலத்துக்குச் சற்று மேலாக, தம்முள் ஒத்திருத்தல் வேண்டும். ஒன்று நீண்டும் மற்றொன்று குறுகியும் இருந்தாற் கட்டடம் கோணலாக உள்ளது. சுவர் சிறிது கோணினும், அதன்மேற் சுவர்வளையைச் சரியாக இருத்தி அக்குறையைத் தீர்த்துக்கொள்ளலாம். இங்கே தீர்க்காத கோணல் ஓட்டு வரிசையில் வந்து தோன்றும். அங்கே அதைத் தீர்க்க வழியில்லை.

சுவர்வளைகளின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் சரியாக 12 அடி இருத்தல் வேண்டும். சுவர் கட்டும்பொழுதே அதன் தலையிற் கொங்கிறீற்று வளையம் இட்டு, நாலடிக்கு ஒன்றாக அரை அங்குலத் தடிப்புள்ள போல்ற் ஆணிகளை அதிலே பதித்துவிடுக. ஒவ்வொரு நுனிக்கும் இணைப்புக்கும் ஓரடிக்குள் ஓர் ஆணி இருத்தல் நன்று. சுவர்வளையில் துளையிட்டு ஆணியிற் கோத்து, அகன்ற வட்டத் தகடு வைத்துச் சுரையை இறுக்குக. சாந்தில் வெறுமனே வளையைப் பதித்தல் போதாது. காற்றுக்கு அது நில்லாது.

களத்திற் கோடு கீறுதல்

கணக்கைக் கடதாசியிற் செய்வதிலும் தரையிற் செய்தல் பிழைக்கு இடந்தராது. சூடடிக்கும் சீமெந்துக் களம் உங்களுக்கு ஏற்ற கீறுபலகையாகும்.

களத்தில் 12 அடி நேர்கோடு ஒன்று கீறுக. அதன் நடுவிலிருந்து செங்குத்தாக 4½ அடிக்கோடு கீறுக. அதன் உச்சியிலிருந்து முதற்கோட்டின் இரு நுனிகளுக்கும் நூல் அடிக்க. ஒவ்வொரு சாய்கோடும் 7½ அடி இருக்குமாயிற் செங்குத்து சரியானது. இல்லையாயின் மீண்டும் கீறுக. பின்னர் இரு சாய்கோடுகளையும் கீழே 2½ அடி நீட்டுக. இதுவே உங்கள் கூரையின் முழு அளவு உருவம்.

கைமரம் ஒன்றை எடுத்து, வளைவு உண்டாயின் அவ்வளைவு மேல்நோக்கி இருக்குமாறு வைத்துக்கொள்ளுக. பாரம் ஏறியபின் அது நேராகும். கீழ் ஓரத்திலிருந்து 1¼ அங்குலம் மேலே நீளவாட்டில் நூல் அடித்து, அந்நூல் களத்துச் சாய்கோட்டின்மேற் பொருந்துமாறு மரத்தைக் கிடத்துக. இனி மூன்று வெட்டுகளைக் குறித்தல் வேண்டும்.

முதலாவது, தலைவெட்டு. களத்தின் நடுக்கோட்டுக்கு ஒத்தவாறு செங்குத்தாகக் குறிக்க. இக்குறி முகட்டின் நடுவைக் காட்டுகின்றது. அங்கே ஓரங்குலத் தடிப்புள்ள பலகை வருவதால், குறிக்கு நேர் குறுக்காக அரை அங்குலம் உள்ளே தள்ளி இன்னொரு கோடு கீறி, அக்கோட்டில் அரிக. புதிதாகக் கூரை செய்வோர் பெரும்பாலும் மறப்பது இவ்வரை அங்குலத்தையே. மறந்தாற் கைமரங்கள் சுவர்வளையிற் பொருந்தாமல் வெளியே ஓடிநிற்கும். நாலங்குல மரத்தின் தலைவெட்டு இச்சரிவில் 5 அங்குல நீளமாகும். ஆகவேதான் முகட்டுப் பலகை 6 அங்குல அகலமாகச் சொல்லப்பட்டது. பலகை வெட்டிலும் அகலங் குறைந்ததாயின், வெட்டின் ஒரு பகுதி ஊன்றுகோலின்றி நிற்கும்.

இரண்டாவது, இருக்கை வெட்டு. சாய்கோடு 12 அடிக் கோட்டைத் தொடும் புள்ளியே சுவர்வளையின் வெளி மேல் ஓரம். அப்புள்ளியிலிருந்து உட்புறமாகக் கிடையாக ஒரு கோடும், கீழ்நோக்கிச் செங்குத்தாக ஒரு கோடும் மரத்தின்மேற் குறித்து, அம்மூலையை அரிந்தெடுக்குக. மரம் ஏறத்தாழ 2 அங்குலம் வளையின்மேற் படிந்து இருக்கும். மரத்தின் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஆழமாக வெட்டுதல் ஒருபொழுதும் ஆகாது. வெட்டினால் இறப்புப் பகுதி அவ்விடத்தில் முறியும்.

மூன்றாவது, அடிவெட்டு. இதனை இப்பொழுது அரியாமல், கூரை நின்றபின் நூல் பிடித்து எல்லாவற்றையும் ஒரே நேராக அரிதல் நன்று.

இவ்வாறு இரண்டு கைமரங்களை வெட்டி, இடையில் முகட்டுப் பலகைத் துண்டொன்றை வைத்துக் களத்திலே பொருத்திப் பார்க்க. பின்னர் அவற்றைச் சுவரின்மேல் ஏற்றி முன்புறம், நடு, பின்புறம் ஆகிய மூன்று இடங்களிலும் வைத்துப் பார்க்க. மூன்றிடத்தும் இருக்கை படிந்து, தலை இடைவெளியின்றிப் பொருந்தினால் மாத்திரமே அவற்றுள் ஒன்றை மாதிரியாகக் கொண்டு ஏனையவற்றை வெட்டுக. மாதிரி மரத்தில் அடையாளம் இட்டு, எக்கைமரத்தையும் அதனைக் கொண்டே குறிக்க. புதிதாக வெட்டியதைக் கொண்டு அடுத்ததைக் குறித்தாற் சிறு பிழை ஒவ்வொன்றிலுங் கூடி, இருபதாவது மரத்தில் ஓரங்குலமாகிவிடும்.

கைமரங்களை நிறுத்துதல்

சுவர்வளை இரண்டிலும் முகட்டுப் பலகையிலும் கைமரம் வரும் இடங்களை முன்னரே குறித்துவிடுக. இருபது அடி நீளத்தில் 2 அடிக்கு ஒன்றாகப் பதினொரு சோடிகள் வரும். மூன்று மரங்களையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நிலத்தில் வைத்து ஒருசேரக் குறித்தால் மாறுபாடு நேராது.

முதலில், சுவரிலிருந்து ஓரடி உள்ளே வரும் இரண்டாவது சோடியையும் பத்தாவது சோடியையும் முட்டுக்கொடுத்து நிறுத்தி, இடையே முகட்டுப் பலகையை ஏற்றி ஆணியடிக்க. தூக்குக் குண்டு விட்டு இரண்டும் செங்குத்தாக உள்ளனவாவெனச் சோதித்து, தற்காலிகமாகச் சாய்தடி அறைந்து அசையாமல் நிறுத்துக. ஏனைய சோடிகளை இருபுறமும் எதிரெதிராக ஏற்றுக. ஒருபுறக் கைமரங்களை எல்லாம் முதலில் ஏற்றினால் முகடு மறுபுறம் வளைந்துவிடும்.

வைரமான மரத்தில் ஆணியை நேரே அடித்தால் மரம் பிளக்கும். பனையில் இது மிகுதி. ஆணியினுஞ் சிறிய துளை ஒன்றைத் துறப்பணத்தால் இட்டு, அதன் வழியே அடிக்க. இரண்டு ஆணிகள் ஒரே நார்வரிசையில் வராதபடி சற்று விலத்தி அடிக்க.

தீராந்தி

இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, பத்து ஆகிய சோடிகளில் ஐந்து தீராந்திகள் வரும். ஒவ்வொன்றும் சுவர்வளைகளின்மேற் கிடந்து, கைமரங்களின் பக்கத்தோடு சேர்ந்து பிணிக்கப்படும். ஒவ்வொரு நுனியிலும் ஓர் அரை அங்குல போல்ற் ஆணியும், மறுபுறம் வந்து மடியத்தக்க நீளமுள்ள மூன்று ஆணிகளும் இடுக. தீராந்தி ஒன்று இழுத்துப் பிடிக்கும் விசை ஏறத்தாழ 90 கிலோகிராம் பாரத்துக்கு ஒப்பானது. மரத்துக்கு இது பெரிதன்று. ஆனால் இரண்டு சிறிய ஆணிகளால் மாத்திரம் அறைந்த தீராந்தியில் முதலில் விட்டுக்கொடுப்பது ஆணியே.

ஓடு ஏற்றுமுன்னரே தீராந்தி ஐந்தும் இடப்பட்டிருத்தல் வேண்டும். பின்னர் இடுவோமென்று ஓட்டை ஏற்றினாற் சுவர் அதற்குள் நகர்ந்துவிடும். அவ்வாறே, களஞ்சியத்தினுள் நடமாட இடையூறென்று பின்னாளில் ஒரு தீராந்தியை அரிந்தெடுத்தலும் கூடாது. தலையில் இடிக்குமென்று கருதுவோர் சுவரை முதலிலேயே ஓரடி உயர்த்திக்கொள்ளுதல் தகும்.

சின்ன வெங்காயம் செய்வோர் பிடிகட்டித் தீராந்தியிலே தொங்கவிடும் வழக்கம் உண்டு. மேலே சொன்ன தீராந்தி இழுவையைத் தாங்குதற்கென அமைந்தது. நடுவில் தொங்கும் பெரும்பாரத்துக்கு அன்று. வெங்காயம் தொங்கவிட வேண்டுமாயின் நிலத்திலே கப்பு ஊன்றி, கூரையைத் தொடாத தனிப் பரண் அமைத்துக்கொள்ளுக.

காற்றுத் தாங்கி

கைமரங்களும் முகடும் தீராந்தியும் சேர்ந்து கூரை பக்கவாட்டில் விரியாமற் காக்கின்றன. ஆனால் கூம்புச் சுவரில் மோதும் காற்றுக் கைமரங்கள் அனைத்தையும் ஒரே பக்கமாகச் சாய்க்க முயலும். அதனைத் தடுக்க, ஒவ்வொரு சரிவிலும் இரண்டு பலகைகளைக் கைமரங்களின் அடிப்புறத்தில், மூலையிலுள்ள சுவர்வளையிலிருந்து முகட்டை நோக்கி மூலைவிட்டமாக ஏற்றி, குறுக்கிடும் ஒவ்வொரு கைமரத்திலும் இரண்டு ஆணி அறைக. நான்கு பலகைகளே செலவு. இவை இல்லாத கூரையை ஒருவர் தோள்கொடுத்து அசைத்தாலும் அசையும், அறைந்தபின் அசையாது. செய்து பார்த்து அறிந்துகொள்ளுங்கள்.

கூரையைக் கீழே பிணித்தல்

கூரை கீழே விழாமற் பார்த்துக்கொள்ளும் நாம், அது மேலே பறக்குமென்பதை மறந்துவிடுகின்றோம். 1964 ஆம் ஆண்டு மார்கழியில் வட பகுதியையும், 1978 ஆம் ஆண்டு கார்த்திகையில் மட்டக்களப்புப் பகுதியையும் தாக்கிய சூறாவளிகளைக் கண்ட முதியோர் இதனை அறிவர்.

மணிக்கு 100 கிலோமீற்றர் வேகமுள்ள காற்றின் அழுத்தம் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 48 கிலோகிராம் பாரத்துக்கு ஒப்பாகும். மரத்துடன் கூடிய ஓட்டுக் கூரையின் பாரமும் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ அவ்வளவே. காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். காற்றுக் கூரையின் மேற்புறத்தை உறிஞ்சி இழுப்பதோடு, இறப்பின் கீழும் திறந்த கதவின் வழியேயும் புகுந்து அடியிலிருந்தும் உயர்த்துகின்றது. தகரக் கூரைக்குப் பாரங் குறைவாதலால் ஆபத்து அதனினும் மிகும்.

ஆகையால் ஒவ்வொரு கைமரத்தையும் சுவர்வளையோடு இரும்புப் பட்டியாற் பிணிக்க வேண்டும். ஓரங்குல அகலமான துருப்பிடியாத பட்டியைக் கைமரத்தின் மேலாக வளைத்து, இரு நுனிகளையும் வளையின் இரு பக்கத்திலும் ஆணியறைக. பட்டி கிடையாவிடின் தடித்த நாகம் பூசிய கம்பியை இரண்டு சுற்றாக இறுக்கி முறுக்குக. கைமரம் வளை பிடித்து, வளை போல்ற் ஆணி பிடித்து, ஆணி சுவர் பிடித்து நிற்கும் இத்தொடரில் ஓரிடம் தளர்ந்தாலும் எஞ்சியவற்றாற் பயனில்லை.

வாடைக் காற்றும் சோளகக் காற்றும் உங்கள் காணியில் எப்பக்கமாக வீசுகின்றனவென்பது உங்களுக்கே தெரியும். களஞ்சியத்தின் கதவைக் காற்று நேரே புகாத பக்கத்தில் வைத்துக்கொள்ளுக.

ரீப்பையும் ஓடும்

ரீப்பையின் இடைவெளி ஓட்டுக்கு ஓடு சிறிது மாறும். ஆகவே பிறருடைய அளவைக் கேட்டு அறைதல் தவறு. வாங்கிய ஓடுகளில் பதினொன்றை எடுத்து, களத்திலே ஒன்றோடொன்று பூட்டி ஒரு வரிசையாக அடுக்குக. அவற்றை இயன்ற அளவு நெருக்கி, முதலோட்டின் தலையிலிருந்து பதினோராவது ஓட்டின் தலைவரை அளக்க. பின்னர் இயன்ற அளவு இழுத்து அவ்வாறே அளக்க. இரண்டு அளவுகளையும் கூட்டி இருபதாற் பிரித்தால் வருவதே ரீப்பையின் இடைவெளி. வரிசைகள் முழு எண்ணாக வருமாறு இறப்பை ஓரிரு அங்குலம் கூட்டியோ குறைத்தோ, அதன்பின் கைமர அடிகளை நூல் பிடித்து அரிக.

இறப்பிலுள்ள முதல் ரீப்பையை மற்றவற்றிலும் ஓர் ஓட்டின் தடிப்பளவு உயர்த்தி அறைதல் வேண்டும். மேல் வரிசை ஓடுகள் கீழ் ஓட்டின்மேல் இருக்கின்றன. முதல் வரிசைக்கு அடியில் ஓடில்லை. உயர்த்தாவிடின் முதல் வரிசை கீழே தொங்கி, இடைவெளி உண்டாகி, அணிலும் எலியும் புகும்.

ஓட்டை இரு சரிவுகளிலும் சமமாக ஏற்றுக. ஒருபுறம் நான்கு வரிசை போட்டால் மறுபுறமும் நான்கு வரிசை போட்டபின்னரே மேலே செல்லுதல் வேண்டும். ஓட்டை ஓரிடத்திற் குவித்து வைத்தலாகாது. இறப்பு வரிசை, கூம்புச் சுவர் ஓரம் ஆகியவற்றிலுள்ள ஓடுகளைக் கம்பியால் ரீப்பையோடு கட்டிவிடுக. காற்று முதலிற் பெயர்ப்பது இவற்றையே. முகட்டோடுகளைச் சாந்தில் இருத்துக. கூம்புச் சுவரின் உச்சியில் வலையடித்த காற்றுத் துளைகள் இரண்டு விட்டால் நெல் வெக்கைப்படாது.

உங்கள் உயிர்

களஞ்சியம் நெல்லைக் காத்தற்கு. அதைக் கட்டுவதில் உயிரை இழத்தற்கன்று. தனியே கூரையில் ஏறாதீர்கள். ஏணியின் அடியை, அது சாயும் உயரத்தின் நாலிலொரு பங்கு தூரம் சுவரிலிருந்து விலக்கி வைத்து, தலையைக் கட்டிவிடுங்கள். ரீப்பையின் நடுவில் மிதியாது, கைமரத்தின் மேல் வரும் இடத்திலே மிதியுங்கள். மழை நனைந்த ஓட்டின்மேலும், காற்று எழுந்த பொழுதும் வேலையை நிறுத்துங்கள். மின்கம்பி அருகிற் செல்லுமாயின் நீண்ட மரத்தை ஏற்றுமுன் மின்சார சபையாருக்கு அறிவியுங்கள். கீழே சிறுவரை நிற்கவிடாதீர்கள்.

ஓடாவியாரை எப்பொழுது அழைப்பது?

இங்கே கூறியன 12 அடி அகலமுள்ள, நாற்சதுரமான, மேல்மாடியில்லாத களஞ்சியத்துக்கே பொருந்தும். அகலம் 16 அடியை மீறினாலும், கூரை இரண்டு திசையில் மடங்கினாலும், கட்டடம் மக்கள் உறையும் வீடாயினும் இவ்வளவுகளைக் கொண்டு செய்யற்க. தேர்ந்த ஓடாவியாரையும், பிரதேச சபையின் தொழினுட்ப உத்தியோகத்தரையும் கலந்துகொள்ளுக. கட்டடம் எழுப்புதற்குப் பிரதேச சபையின் அனுமதி வேண்டுமாவெனவும் முன்னரே விசாரித்துக்கொள்ளுக. சிறு களஞ்சியத்துக்கும் முதற்சோடியை வெட்டியவுடன் ஓடாவியார் ஒருவரை அழைத்துக் காட்டுதல் வெட்கத்துக்குரியதன்று. ஒரு சோடியிற் கண்ட பிழையைத் திருத்தலாம். இருபத்திரண்டு மரங்களிற் கண்ட பிழைக்கு விறகே முடிவு.

ஓடு ஏற்றுமுன் பார்க்க வேண்டியன

1. சுவர்வளைகளின் வெளி ஓரங்களுக்கிடையே எங்கும் 12 அடி உண்டா?
2. ஒவ்வொரு கைமரத்தின் இருக்கையும் வளையின்மேல் முழுதும் படிந்துள்ளதா?
3. தீராந்தி ஐந்தும் போல்ற் ஆணியால் இறுக்கப்பட்டனவா?
4. காற்றுத் தாங்கி நான்கும் அறையப்பட்டனவா?
5. எல்லாக் கைமரங்களுக்கும் பட்டி இடப்பட்டதா?
6. முகட்டின் இரு நுனிகளுக்கும் நூல் பிடித்தால் நடுவில் இறக்கமின்றி உள்ளதா?

இவ்வாறு வினாவுக்கும் "ஆம்" என்று விடைகூற இயலுமாயின் ஓட்டை ஏற்றலாம். முதல் மாரி கழிந்தபின் ஒருநாள் உள்ளே சென்று, முகட்டுக்கும் தீராந்திக்கும் நூல் பிடித்து மீண்டும் சோதித்து, சுரைகளை ஒருமுறை இறுக்கிவிடுங்கள். மரம் உலர உலரச் சுரை தளர்வது இயல்பு. அதன்பின் ஆண்டுக்கொருமுறை மாரிக்கு முன் பார்த்துவந்தாற் போதும். உங்கள் விதைநெல் அடுத்த விதைப்புவரை உலர்ந்தபடியே இருக்கும். நெல்லை விற்கும் நாளையும் நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.